தண்ணீர் ஏறியதும் நின்றுபோன பேச்சு: செட்டிநாட்டு ஊருணி ஒன்றின் சென்சார் நோடுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் ஓர் ஊர். பெயர் போட வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே சொல்லவில்லை. நகரத்தார் வீடுகள் நிறைய உண்டு, அவற்றில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடப்பவை. ஊருக்கு நடுவில் செம்பராங்கல் கரையும் படித்துறையுமாக ஓர் ஊருணி.

அந்த ஊருணிக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று தெருத் தண்ணீர். செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரை வளவு முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். முற்றத்தில் விழுந்த மழை கல்தூம்பு வழியாகத் தெரு வடிகாலுக்குப் போய், அங்கிருந்து ஊருணியில் சேரும். மழை பிடித்த அரைமணியில் இது வந்துவிடும். இன்னொன்று காட்டுத் தண்ணீர். மேற்கே செம்மண் மேட்டில் பெய்வது வரத்துக்கால் வழியாக ஒன்றேகால் கிலோமீட்டர் ஓடி வரும். வந்து சேர மூன்று நான்கு மணி நேரமாகும். ஊருணி ததும்ப நிறைவது இந்தக் காட்டுத் தண்ணீரால்தான்.

சிக்கல் அந்த வரத்துக்காலில் இருந்தது. நடுவில் ஒரு வளைவு. அங்கே கரை பலவீனம். ராத்திரி நல்ல மழை பெய்தால் அந்த இடத்தில் உடைப்பெடுத்து, தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால் வயல்காரருக்கும் நஷ்டம், ஊருணிக்கும் நஷ்டம். ராத்திரியே தெரிந்தால் நாலு பேர் மண்வெட்டியோடு போய் அடைத்துவிடலாம் என்பது ஊர்க்காரியம் பார்க்கும் பெரியவரின் எண்ணம். அவர் கேட்டதும் அவ்வளவுதான்: "தண்ணி எங்க நிக்குதுன்னு சொல்ற மாதிரி ஏதாச்சும் வைக்க முடியுமா தம்பி?"

நான் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் நடத்துபவன். கடைசி ஆண்டு மாணவர்கள் இருவரோடு இந்த வேலையை எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆய்வகத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும் 802.15.4 வகை (குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளை அனுப்பும்) ரேடியோ தொகுதிகள் சும்மா கிடந்தன. சிசி2420 சில்லு வைத்தவை. ஊர்ப் பணம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்று நினைத்ததால் அவற்றையே எடுத்தோம். பின்னால் நடந்த பலவற்றுக்கு அந்த முடிவும் ஒரு காரணம்.

என்ன வைத்தோம்

மொத்தம் 12 நோடு, அதாவது அளந்து ரேடியோவில் சொல்லும் சிறு கருவி. வரத்துக்காலில் ஏழு, ஊருணிக் கரையில் மூன்று, தெரு வடிகால் முனையில் ஒன்று, கோயில் மதிலோரம் ஒன்று. ஒவ்வொன்றிலும் தண்ணீர் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு லித்தியம் செல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு, நினைவு அட்டை. எண் வைத்தால் ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்று மாணவர்கள் இடத்தின் பேரையே வைத்தார்கள்: மேடு, பனங்காடு, வளைவு, கல்பாலம், ஆலமரம், மேற்குக்கரை, படித்துறை, கிழக்குக்கரை என்று. இது நல்ல முடிவு. பின்னால் போனில் "வளைவு பேசலை" என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரே இடம் மனதில் வந்தது.

செய்தி நோட்டுக்கு நோடு கைமாறி வரும் ஏற்பாடு. மேடு பனங்காட்டுக்குச் சொல்லும், பனங்காடு வளைவுக்கு, அப்படியே மேற்குக்கரை வரை. அங்கிருந்து தண்ணீரைத் தாண்டி 150 மீட்டர் எதிரே கிழக்குக்கரைக்கு. கிழக்குக்கரைக்குப் பின்னால் இருந்த ஒரு பெரிய வீட்டின் மச்சில் கேட்வே. அது மொபைல் வழியாக மூன்று பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். வீட்டுக்கார ஆச்சி சென்னையில் இருப்பவர். கேட்டதும் சரி என்றார். சாவி பங்காளி வீட்டில், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வயதான காவல்காரர் ஒருவர்.

வைகாசியிலும் ஆனியிலும் சோதித்துப் பார்த்தோம். ஊருணி ஏறக்குறைய வற்றிக் கிடந்தது. செய்தி ஒன்றுகூடத் தவறவில்லை. ஆலமரத்து நோடு மட்டும் அடிக்கடி சார்ஜ் இறங்கியது. ராத்திரி மயில் வந்து சோலார் தகட்டின் மேல் உட்கார்ந்து எச்சமிட்டிருந்தது. தகட்டைச் செங்குத்தாகச் சாய்த்ததும் அது சரியாயிற்று.

முதல் பெருமழை

ஐப்பசியில் இரண்டு வாரம் விட்டு விட்டுப் பெய்தது. ஊருணி பாதிக்கு வந்தது. அப்புறம் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. பதினொன்றரை வரை செய்திகள் ஒழுங்காக வந்தன. பிறகு வரத்துக்கால் நோடுகள் ஏழும் ஒரேயடியாக அமைதியாகிவிட்டன. காலையில் பெரியவர் போன் செய்தார். வளைவில் உடைப்பு. பாதித் தண்ணீர் வயலில் நின்றது.

அன்று மதியம் வளைவு நோட்டைக் கழற்றிக்கொண்டு வந்து, ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நினைவு அட்டையை லேப்டாப்பில் போட்டோம். எல்லாம் இருந்தது. 12:40-க்கு மட்டம் ஏறுகிறது. 1:25-க்கு உச்சம். 1:31-க்கு ஒரு சாண் இறங்குகிறது. அதுதான் உடைப்பு. அந்த நோடு அதைப் பார்த்திருக்கிறது, உடனே அவசரச் செய்தியும் அனுப்பியிருக்கிறது, பதில் வராததால் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது. விடியும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மாணவர்களில் ஒருவர் அந்த வரிசையை மேலிருந்து கீழாக உருட்டிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது.

ஏன் வரவில்லை

மூன்று காரணம் சேர்ந்திருந்தன. சேர்ந்தே இருந்ததால் பிரித்துப் பார்க்க ஒரு வாரம் ஆனது.

எளிதானதை முதலில் சொல்கிறேன். 12:10 முதல் 12:50 வரை கேட்வேயே அணைந்திருந்தது. காவல்காரரைக் கேட்டோம். "இடி இடிச்சா மெயினை இறக்கிடணும்னு ஆச்சி சொல்லியிருக்காக தம்பி. மேல தேக்கு மரமெல்லாம் இருக்குல்ல" என்றார். அவர் செய்தது சரி. பழைய ஒயரிங், நூறு வருஷத்து மரம். கேட்காமல் விட்டது நாங்கள். மழை வரும்போது வேலை செய்ய வேண்டிய கருவியை, இடி வந்தால் அணைக்கப்படும் மின்சாரத்தில் மாட்டியிருந்தோம்.

இரண்டாவது, நெரிசல். மட்டம் வேகமாக ஏறினால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டும் என்று எல்லா நோட்டுக்கும் விதி வைத்திருந்தோம். மழை ஒரே நேரத்தில் எல்லாருக்கும்தான் பெய்யும். ஒவ்வொன்றும் பேசுமுன் காற்றில் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் பேசும். ஆனால் கரைமேட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒன்றின் குரல் இன்னொன்றுக்குக் கேட்காது. இரண்டும் காற்று காலியாக இருக்கிறது என்று நினைத்து ஒரே சமயத்தில் பேச, நடுவில் இருப்பதற்கு இரண்டுமே புரியாமல் போகும். கல்பாலத்தில் இது நிறைய நடந்திருந்தது. ஆனாலும் இது தாமதப்படுத்துமே தவிர, விடியும்வரை அமைதி காக்க வைக்காது.

மூன்றாவதுதான் முழுக் குற்றவாளி. கேட்வேயின் பதிவில், மேற்குக்கரையிலிருந்து கிழக்குக்கரைக்கு வந்த ஒவ்வொரு பொட்டலத்தோடும் (ரேடியோவில் ஒருமுறை அனுப்பும் செய்தி) சிக்னல் அளவும் பதிவாகியிருந்தது. ஐப்பசி முதல் தேதியிலிருந்து அந்த எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு வாரமாக அது சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

படித்துறையில் ஒரு சோதனை

சந்தேகம் தண்ணீர் மேல் விழுந்தது. ஊருணி நிறைய நாள்கணக்கில் காத்திருக்க முடியாது. ஆகவே தண்ணீரை ஏற்றுவதற்குப் பதில் நோட்டை இறக்கினோம். எதிர்க்கரை நோடு தண்ணீருக்கு இரண்டு மீட்டர் மேலே இருந்தது. ஒரு மாணவர் மூங்கில் கழியில் இன்னொரு நோட்டைக் கட்டிக்கொண்டு படித்துறையில் நின்றார். அதே இரண்டு மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியாக இறங்கினார். ஒரு படிக்கு இருபது பேச்சு, பிறகு அடுத்த படி. துணி துவைக்க வந்த ஓர் அம்மா படி எண்ணிச் சொன்னார். இன்னொரு மாணவர் எதிர்க்கரையில் லேப்டாப்பில் குறித்தார்.

மேலே நிற்கும்போது மைனஸ் 79 டிபிஎம். (டிபிஎம் என்பது சிக்னலின் பலத்தைச் சொல்லும் அலகு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம்.) நாலு படி இறங்கியும் பெரிய மாற்றம் இல்லை. அதற்குப் பிறகு படிக்குப் படி இறங்கியது. தண்ணீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது மைனஸ் 93. எங்கள் ரேடியோ கேட்கக்கூடிய எல்லை மைனஸ் 95. கழியை மேலே தூக்கியதும் எண்ணும் மேலே வந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் கரையில் நின்ற எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

காரணம் இதுதான். எதிர்க்கரைக்கு அலை நேராகவும் போகிறது, தண்ணீரில் பட்டுத் தெறித்தும் போகிறது. இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் தெறிக்கும்போது அலை தலைகீழாகிவிடும். ஆன்டெனா தண்ணீருக்கு மேலே உயரமாக இருந்தால் தெறித்த வழி கொஞ்சம் நீளம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளமே பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான், ஆகவே அந்தச் சிறு நீளமே இரண்டையும் ஒத்துப்போக வைத்துவிடும். தண்ணீர் ஆன்டெனாவை நெருங்க நெருங்க இரண்டு வழியும் ஒரே நீளமாகி, தலைகீழான அலை நேர் அலையைத் தின்றுவிடும். கோடையில் ஊருணித் தரை கட்டாந்தரை, மேடுபள்ளம், செடிகொடி. அங்கே அலை சிதறிப்போகும். நிறைந்த ஊருணி கண்ணாடி மாதிரி. நாங்கள் சோதித்தது கட்டாந்தரையில்.

இன்னும் ஒரு கொடுமை உண்டு. தெருத் தண்ணீர் முதலில் வரும், காட்டுத் தண்ணீர் பிறகு வரும் என்று மேலே சொன்னேன். அதாவது மழை பிடித்ததும் ஊருணி மட்டம் ஏறி அந்தக் குறுக்கு வழியை அடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் வரத்துக்காலில் சொல்லவேண்டிய செய்தியே பிறக்கும்.

முதல் முடிவு: எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லட்டும்

மழைக்காலம் ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்க நேரமில்லை என்று நினைத்து, கைக்கு வந்ததைச் செய்தோம். ஒரு நோடு எதைக் கேட்டாலும் அதை ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் வழியாகப் போய்ச் சேராதா என்ற கணக்கு. கேட்வேக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றும் வைத்தோம். மெயினை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று காவல்காரரிடம் சொன்னோம். அவருக்கு அதில் பெரிய நிம்மதி.

முதல் இரண்டு மழைக்குச் செய்தி வந்தது. ஊரில் சந்தோஷம். ஆனால் ஆறாம் நாள் கல்பாலம் செத்தது, மறுநாள் மேற்குக்கரையும் ஆலமரமும். பேட்டரி காலி.

வாத்தியாராக இருந்துகொண்டு நான் இதை முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு: இந்தச் சில்லு பேசும்போது இழுப்பது 17.4 மில்லி ஆம்பியர், கேட்டுக்கொண்டிருக்கும்போது இழுப்பது 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்குத்தான் செலவு. யார் எப்போது பேசுவார்கள் என்று தெரியாததால் எல்லாரும் இருபத்துநாலு மணி நேரமும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருந்தது. 2600 மில்லி ஆம்பியர்-மணி செல் அப்படி ஆறு நாள்கூட முழுசாக ஓடாது. மேகம் மூடிய ஐப்பசியில் சோலார் தகடு எதைக் கொடுக்கும்? அதோடு, 12 பேரின் செய்தியை 12 பேரும் சொன்னால் ஒரு சுற்றுக்கு 144 பேச்சு. நெரிசல் குறையவில்லை, கூடியது.

இரண்டாம் முடிவு: முறை வைத்துப் பேசுவது, ஆளுக்கொரு துணை

கார்த்திகை பிறக்குமுன் எல்லா நோட்டையும் கழற்றி நிரலை மாற்றி எழுதினோம். நிமிடத்தை 12 கூறாக்கி ஆளுக்கு ஐந்து நொடி கொடுத்தோம். மேட்டில் தொடங்கி வரிசையாகக் கீழே வருவதால், ஒரே நிமிடத்தில் மேட்டுச் செய்தி கேட்வேக்கு வந்துவிடும். நோடு விழித்திருப்பது மூன்று தருணத்தில் மட்டும்: தனக்கு மேலே இருப்பது பேசும்போது, தான் பேசும்போது, தான் யாருக்குத் துணையோ அது பேசும்போது. மற்ற நேரமெல்லாம் தூக்கம். நிமிடத்துக்கு ஒரு நொடிக்கும் குறைவாகவே காது திறந்திருக்கும். எல்லாருடைய கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு சேர்த்தோம். நாளொன்றுக்கு ஐந்தில் ஒரு நொடிக்கும் குறைவாகவே அது பிசகும். அந்தப் பிசகையும் வரும் ஒவ்வொரு பொட்டலத்தை வைத்துத் திருத்திக்கொள்ளும்.

துணை என்பது என்ன? வளைவு பேசுவது கல்பாலத்திடம். ஆனால் ரேடியோ நாலா பக்கமும் பரவுவது. அது ஆலமரத்தின் காதிலும் விழும். சாதாரணமாக ஆலமரம் அது தனக்கில்லை என்று தூக்கிப் போட்டுவிடும். இப்போது போடாது. பிழை இல்லாமல் கேட்டதா என்று சரிபார்த்து வைத்துக்கொண்டு, கல்பாலம் "வந்தது" என்று பதில் சொல்கிறதா என்று பார்க்கும். சொன்னால் அழித்துவிடும். சொல்லாவிட்டால் அதைத் தானே அடுத்த நோட்டுக்குச் சொல்லும். எல்லா நேரமும் இரண்டு பேர் பேசுவதில்லை, தேவைப்பட்டால் மட்டும் துணை வாய் திறக்கும்.

இந்த யோசனை எங்களுடையது அல்ல. நடுவில் ஒருவர் நின்று கைமாற்றிக் கொடுக்கும் தடத்தின் கணக்கை 1971-இல் வான் டெர் மியூலன் என்ற ஆய்வாளரும், 1979-இல் தாமஸ் கவர், அப்பாஸ் எல் கமால் என்ற ஆய்வாளர்களும் போட்டார்கள். போய்ச் சேரவில்லை என்று தெரிந்தால் மட்டும் துணை பேசும் முறையை 2004-இல் லேன்மன், சே, வோர்னெல் மூவரும் விரிவாக அலசினார்கள். இதை நான் வகுப்பில் பல வருஷம் நடத்தியிருக்கிறேன். நடத்தியும், அதில் ஒரு நிபந்தனையை அன்று மறந்தேன்.

யாருக்கு யார் துணை என்பதைச் சிக்னலை வைத்து முடிவு செய்தோம். எது யாருடைய பேச்சை மிக நன்றாகக் கேட்கிறதோ அதுவே துணை. மேற்குக்கரைக்குத் துணையாக வந்தது படித்துறை. பக்கத்தில் இருப்பது, கணீரென்று கேட்பது.

இரண்டாம் பெருமழை

கார்த்திகை மூன்றாம் வாரம். மழை, தெருத் தண்ணீர், மட்டம் ஏறுதல், எல்லாம் முன்போலவே. இந்த முறை கேட்வே அணையவில்லை, நெரிசல் இல்லை, பேட்டரிகள் நிறைந்திருந்தன. நள்ளிரவுக்கு மேல் மேற்குக்கரை கிழக்குக்கரைக்குக் கேட்காமல் போயிற்று. எதிர்பார்த்ததுதான். துணையான படித்துறை அதைச் சரியாகக் கேட்டு, சரிபார்த்து, திருப்பிச் சொன்னது. அதுவும் கேட்கவில்லை. படித்துறையும் அதே தண்ணீரைத் தாண்டித்தானே பேச வேண்டும்? ஒன்றை மறைத்த அதே தண்ணீர் மற்றதையும் மறைத்துவிட்டது.

நல்ல வேளை, அன்று வளைவில் உடைப்பில்லை. பெரியவரே டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் மறந்த நிபந்தனை இதுதான். துணையால் கிடைக்கும் ஆதாயக் கணக்கு முழுவதும் இரண்டு பாதையும் தனித்தனியாக மங்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. ஒன்று படுத்தால் மற்றதும் சேர்ந்து படுக்கும் என்றால், துணை இருந்தும் இல்லாததுதான். நன்றாகக் கேட்பவரைத் தேடியதில், நாங்கள் அதே இடத்தில் அதே ஆபத்தில் நிற்பவரையே தேர்ந்தெடுத்திருந்தோம். பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து வைப்பது எதற்கு? நம் வீட்டில் ஆளில்லாதபோது அங்கே ஆள் இருப்பார்கள் என்பதற்காக. எல்லாரும் ஒரே கல்யாணத்துக்குப் போய்விட்டால் அந்தச் சாவியால் என்ன பயன்?

துணையை மாற்றியது

பன்னிரண்டு நோட்டின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது எதனால் பேசாமல் போகலாம்?" என்று எழுதினோம். தண்ணீர் ஏறினால். மரம் நனைந்து தழை கனத்தால். வெயில் இல்லாவிட்டால். மாடு முட்டினால். பிறகு ஒரே காரணம் எழுதிய இரண்டை ஒன்றுக்கொன்று துணையாக வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். பெரியவரும் கூட உட்கார்ந்திருந்தார். எங்களுக்குத் தெரியாத இரண்டு காரணங்களை அவர்தான் சொன்னார். பனங்காட்டுப் பக்கம் கார்த்திகைக் கடைசியில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஆள் போக முடியாது என்பது ஒன்று. மேட்டுப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் குச்சிக்காகக் கம்பத்தைப் பிடுங்கக் கூடும் என்பது இன்னொன்று.

மேற்குக்கரைக்குப் புதுத் துணை கோயில் மதில். மேற்குக்கரையின் பேச்சு அங்கே வடக்குக் கரையோரமாகத் தரைவழியே போய் மைனஸ் 89, 90 என்று மங்கலாகத்தான் விழும். சிக்னலை வைத்துப் பார்த்தால் பட்டியலில் கடைசி. ஆனால் அந்தப் பாதையில் தண்ணீர் இல்லை. ஊருணி வற்றினாலும் நிறைந்தாலும் அந்த எண் அசையாது. மதில் நோட்டின் ஆன்டெனாவை மூன்றடி உயர்த்தி இன்னும் கொஞ்சம் தேற்றினோம். கோயிலில் அனுமதி கேட்டு, மதிலில் துளை போடாமல் கம்பிக்கட்டு போட்டு நிறுத்தினோம்.

கேட்வேக்கும் அதே கேள்வியைக் கேட்டோம். ஒரே வீடு, ஒரே சாவி. ஆகவே தெற்குத் தெருவில் இன்னொரு வீட்டு மச்சில் இரண்டாவது கேட்வே வைத்தோம். கோயில் மதிலின் பேச்சு இரண்டுக்குமே கேட்கும்.

நடந்தது

மார்கழித் தொடக்கத்தில் அந்தப் பருவத்தின் கடைசிப் பெருமழை. அன்று ராத்திரி நானும் மாணவர்களும் ஊரிலேயே தங்கினோம். ஒன்றேகாலுக்கு மேற்குக்கரையின் நேர்வழி நின்றது. அடுத்த நிமிடச் சுற்றில் அதே செய்தி கோயில் மதில் வழியாக வந்தது. திரையில் அந்த வரியின் ஓரத்தில் "துணை: மதில்" என்று விழுந்ததைப் பார்த்ததும் மாணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு பனங்காட்டில் மட்டம் அப்படியே நிற்க, வளைவிலும் கல்பாலத்திலும் இறங்கத் தொடங்கியது. மேலே குறையாமல் கீழே குறைந்தால் நடுவில் எங்கோ போகிறது என்று பொருள். குறுஞ்செய்தி மூன்று பேருக்கும் போயிற்று. ஐந்து பேர் சாக்கில் மண் நிரப்பிக்கொண்டு போனார்கள். உடைப்பு ஒரு முழ அகலம்தான் இருந்தது. அரைமணியில் அடைத்துவிட்டார்கள்.

விடியும்போது ஊருணி மேலிருந்து இரண்டாவது படியில் நின்றது. வயலில் தண்ணீர் ஏறவில்லை. வயல்காரர் வந்து படித்துறையில் எங்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அன்று மேடு நோடு முழுக்க வரவில்லை. பெரியவர் சொன்னது போலவே கம்பம் சாய்ந்து கிடந்தது. அதற்குத் துணையாக வைத்த நோட்டால் ஒன்றும் செய்ய முடியாது. பேசுபவரே இல்லாதபோது துணை எதைச் சொல்லும்? ஆலமரமும் இருபது நிமிடம் காணாமல் போய்த் திரும்பியது. காரணம் இன்றுவரை பிடிபடவில்லை.

மறுபடி செய்தால்

முதல் காரியமாக வீட்டைப் பார்த்துக்கொள்பவரோடும் வரத்துக்காலில் நடப்பவர்களோடும் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன், அதற்கு அப்புறம்தான் கம்பம் நடுவேன். மெயின் விஷயமும் ஆடு மேய்ப்பவர் விஷயமும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்திருக்கும்.

சோதனையை வைகாசியில் செய்ய மாட்டேன். வேறு வழியில்லை என்றால், படித்துறையில் கழியை இறக்கிப் பார்த்த அந்த ஒரு மணி நேரச் சோதனையையாவது முதல் வாரமே செய்வேன். ஊருணி, கண்மாய், குளம் எதுவாக இருந்தாலும் தண்ணீருக்குக் குறுக்கே தாழ்வாகப் பேச வைப்பவர்கள் இதைச் செய்யாமல் விடக் கூடாது.

ரேடியோவும் வேறாக இருக்கும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ள 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் பேசும் தொகுதிகள் இன்னும் தொலைவு போகும், இலை தழையிலும் இவ்வளவு தடுமாறாது. சும்மா கிடக்கிறதே என்று எடுத்ததால் மிச்சமான பணத்தைவிட, மூன்று முறை கழற்றி மாட்டியதில் போன நாட்கள் அதிகம். அப்படி மாற்றினாலும் துணை ஏற்பாட்டை விடமாட்டேன். நோட்டைத் தட்டிவிட்ட மாடு எந்த அலைவரிசை என்று பார்ப்பதில்லை.

சிக்னல் அளவு இறங்குவதையே ஒரு செய்தியாக அனுப்பும்படி நிரலை இப்போது மாற்றியிருக்கிறோம். ஒரு பாதை வாரக்கணக்கில் மங்கிக்கொண்டே வந்தால் பெரியவரின் போனுக்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரி போகும். கரைமேல் போய்ப் பார்க்க யாருக்கு எந்த நோடு என்றும் ஊரிலேயே ஆள் பிரித்திருக்கிறார்கள்.

இந்த வைகாசியில் வரத்துக்கால் தூர்வாரினார்கள். நோடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினோம். மேற்குக்கரைக் கம்பத்தை மட்டும் பழைய குழியில் நடவில்லை. கரையிலிருந்து பத்தடி பின்னால், ஆளுயரத்துக்கும் மேலே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறோம். அதன் துணை இன்னமும் கோயில் மதில்தான்.